காட்டுயிர் ஆய்வகத்தில் எந்த இடம் உங்களுக்கு? உதவியாளர் முதல் போஸ்ட்டாக் வரை

யானை கருவுற்றுக் கன்று ஈனுவதற்கு ஏறக்குறைய 22 மாதம் ஆகும். அதே தாய் அடுத்த கன்றை ஈன நான்கைந்து ஆண்டுகள் கழியும். பட்டாணிக் குருவிக்கோ முட்டையிடத் தொடங்கியதிலிருந்து குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறக்கும்வரை ஆறு வாரம் போதும். இது விலங்குகளின் கணக்கு. மனிதர்களின் கணக்கு வேறு. கோடைக்காலப் பயிற்சி இரண்டு மூன்று மாதம். முதுநிலைப் பட்டம் இரண்டு ஆண்டு. முனைவர் பட்டம் நாட்டைப் பொறுத்து மூன்றிலிருந்து ஆறு ஆண்டு. போஸ்ட்டாக் எனப்படும், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு. பல்கலைக்கழகக் காட்டுயிர் ஆய்வகத்தில் எந்த இடத்தில் சேரலாம் என்று யோசிக்கும் எவரும் முதலில் இந்த இரண்டு கணக்கையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் சேர விரும்பி எழுதப்படும் கடிதங்கள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். பெரும்பாலானவை விலங்கில்தான் தொடங்கும். "சிறுவயது முதலே எனக்குப் புலி என்றால் உயிர்." அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். என்னையும் இந்த வேலைக்கு இழுத்து வந்தது அதுதான். ஆனால் எந்த விலங்கு என்பதைவிட மூன்று கேள்விகள் உங்கள் வருங்காலத்தை அதிகம் தீர்மானிக்கும். ஆய்வுக் கேள்வி யாருடையது? திரட்டும் தரவு யாருக்குச் சொந்தம்? அந்த விலங்கின் வாழ்க்கையில் எவ்வளவு பகுதியைப் பார்க்க உங்களுக்கு நேரம் தரப்படுகிறது? ஆய்வகத்தில் கிடைக்கும் ஒவ்வோர் இடமும் இந்த மூன்றுக்கும் வெவ்வேறு பதில் சொல்கிறது. அந்தப் பதில்களைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

ஒரு பருவம் உதவியாளராக

முதல் படி பெரும்பாலும் களப்பணி உதவியாளர் வேலை அல்லது கோடைக்காலப் பயிற்சி. கேள்வி உங்களுடையது அல்ல. தரவும் உங்களுடையது அல்ல. நேரமோ ஒரு பருவம்தான். அப்படியிருந்தும், பட்டப்படிப்பு முடித்துவிட்டு நேராக முனைவர் பட்டத்துக்கு ஓடப் பார்ப்பவர்களிடம் நான் இதையே முதலில் சொல்வேன். ஒரு முழுக் களப்பருவத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிடுங்கள். வேலை எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் புரியும். விடியற்காலையில் எழுந்து, முதல் நாள் நடந்த அதே பாதையில் நடந்து, எதையும் காணாமல் திரும்பி, "எதுவும் காணப்படவில்லை" என்பதையும் ஒழுங்காகக் குறித்துவைப்பது. காட்டுயிர் ஆய்வில் பெரும்பகுதி இதுதான். இதில் உங்கள் மனம் நிற்கிறதா என்பதை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நுழைந்த பிறகு கண்டுபிடிப்பது கொடுமை.

இந்த வகையிலும் நல்லது கெட்டது உண்டு. நல்ல உதவியாளர் வேலையில் பயிற்சி இருக்கும். விலங்கைப் பிடித்து, அளந்து, வளையம் மாட்டி, காயமின்றி விடுவிப்பதைப் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள். பறவைக்குப் பொருத்தும் கருவியின் எடை அதன் உடல் எடையில் மூன்றிலிருந்து ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று பல ஆய்வகங்கள் கடைப்பிடிக்கும் வரம்பு எதற்கு என்பது கையில் ஒரு சின்னப் பறவையை வைத்திருக்கும்போதுதான் விளங்கும். வௌவாலையோ ஊனுண்ணிகளையோ தொடும் வேலை என்றால், நீங்கள் கேட்பதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரிப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் முன்தடுப்புக்கான அட்டவணையை இரண்டு ஊசிகளாகக் குறைத்தது. முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று. இதைக்கூடக் கேட்காத ஆய்வகம் உங்கள் பாதுகாப்பைப் பற்றி வேறு எதையும் யோசித்திருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பளமே இல்லாத களப்பணியைப் பற்றி என் கருத்து திட்டவட்டமானது. ஓரிரு வாரம் பார்த்துப் பழக என்றால் சரி. ஆறு மாதம், ஓராண்டு என்று உழைப்பை வாங்கிக்கொண்டு "அனுபவம் கிடைக்கிறதே" என்று சொல்லும் இடத்துக்குப் போக வேண்டாம். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும்கூட நீங்களே பணம் கட்ட வேண்டும் என்றால் கட்டாயம் வேண்டாம். வீட்டில் பண வசதி இருப்பவர்கள் மட்டுமே இந்தத் துறைக்குள் நுழைய முடியும் என்ற நிலையை உண்டாக்குவது இந்தப் பழக்கம்தான். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை இளநிலை மாணவர்களுக்கு நடத்தும் கோடை ஆய்வுத் திட்டம் போல உதவித்தொகையோடு வரும் பயிற்சிகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் பத்து வார அளவிலானவை. ஆனால் அந்தத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. விண்ணப்பத்துக்காக இரவெல்லாம் விழிக்கும் முன் தகுதி விதியைப் படித்துவிடுங்கள்.

விலங்கு கடக்கும்போது தாமே படமெடுக்கும் கேமரா பொறிகளில் பதிவான படங்களைப் பிரிக்கும் வேலையும் பயிற்சி என்ற பெயரில் நிறையக் கிடைக்கும். காற்றில் ஆடும் புல்லை ஆயிரக்கணக்கில் பார்க்கும் வேலை அது. இப்போது மெகாடிடெக்டர் போன்ற மென்பொருள்கள் விலங்கு இல்லாத படங்களைத் தாமே ஒதுக்கிவிடுகின்றன. ஆகவே பிரிக்கும் வேலையை மட்டும் தருகிறார்கள் என்றால் அதில் கற்க அதிகம் இல்லை. மென்பொருள் எங்கே தவறுகிறது, எந்த விலங்கை எந்த வெளிச்சத்தில் தவறவிடுகிறது என்று சரிபார்க்கும் பொறுப்பைத் தருகிறார்கள் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் செய்யப்போகும் எந்த ஆய்விலும் அந்தக் கண் உதவும்.

ஆய்வேடு: இளநிலையிலும் முதுநிலையிலும்

இளநிலை மாணவருக்கு ஒரு பருவம்தான் இருக்கிறது. அதற்குள் அடங்கும் கேள்வியை எடுப்பவர் தப்பிப்பார். "இந்தக் காட்டில் எத்தனை சிறுத்தைகள்?" என்பது அடங்காது. "ஆய்வகத்திடம் ஏற்கெனவே உள்ள கேமரா படங்களை வைத்து, மனித நடமாட்டம் மிகுந்த பகுதியில் மான்கள் இரவில் கூடுதலாக நடமாடுகின்றனவா என்று பார்ப்பது" அடங்கும். ஆய்வகத்தின் பழைய தரவு, மூவ்பேங்க் தளத்தில் பொதுவில் கிடைக்கும் விலங்கு இடப்பெயர்வுத் தரவு, ஜிபிஐஎஃப் என்ற உலகளாவிய தரவுத்தளம் சேகரித்துவைத்திருக்கும் உயிரினப் பதிவுகள் ஆகியவற்றை வைத்து, காட்டில் கால் வைக்காமலே நல்ல ஆய்வேடு எழுதலாம். இதைச் சொன்னால் மாணவர்களின் முகம் வாடிவிடும். காட்டுக்குப் போகத்தானே வந்தோம் என்பார்கள். வாரக் கடைசிகளில் போங்கள். ஆய்வேட்டைத் தரவின் மேல் கட்டுங்கள். மழை, உடைந்த கருவி, வராத அனுமதிக் கடிதம் எதுவும் உங்கள் மதிப்பெண்ணைத் தொடாது. 2020இல் கொரோனாவால் களங்கள் மூடப்பட்டபோது கையில் பழைய தரவு இருந்தவர்களுக்குத் தொடர்ந்து எழுத ஏதோ ஒன்று இருந்தது.

முதுநிலை ஆய்வேடு இதற்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவில் நிற்கிறது. சில நாடுகளில் அது ஆறு மாத வேலை, சில நாடுகளில் ஈராண்டு முழு ஆய்வு. வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆய்வுசார் முதுநிலை மாணவர் ஆய்வகத்தின் நிதியிலேயே படிக்கிறார், இரண்டு களப்பருவம் பார்க்கிறார். அங்கே அரசின் காட்டுயிர்த் துறைப் பணிகள் பலவற்றுக்கு அந்தப் பட்டமே போதுமான தகுதி. காப்பகங்களில், அரசுத் துறையில், தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்க வேண்டும் என்பதே உங்கள் விருப்பம் என்றால் நல்ல முதுநிலை ஆய்வேட்டோடு நிறுத்திக்கொள்வது தோல்வி ஆகாது. முனைவர் பட்டம் வாங்காவிட்டால் அரைகுறை ஆய்வாளர் என்ற எண்ணத்தை ஆய்வகங்களில் உள்ளவர்களே விதைக்கிறார்கள். காட்டைக் காப்பவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பட்டம் இல்லாதவர்கள்.

முனைவர் பட்டத்துக்கு மூன்று வாசல்கள்

இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும். ஒரே ஆய்வகத்தில், ஒரே வழிகாட்டியிடம், மூன்று விதமாக முனைவர் பட்டம் செய்யலாம். விளம்பரத்தில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

முதலாவது, வழிகாட்டிக்குக் கிடைத்த நிதியில் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட கேள்வி. களம், விலங்கு, முறை எல்லாம் எழுதியாகிவிட்டது. உங்களுக்கு மாதா மாதம் பணம் வரும், ஜீப்பும் கருவிகளும் இருக்கும், அனுமதியும் பெரும்பாலும் கையில் இருக்கும். குறை என்னவென்றால், நிதியின் கடிகாரம் உங்களைக் கேட்டு ஓடாது. நிதி மூன்றாண்டுக்கு, உங்கள் பட்டம் ஐந்தாண்டுக்கு என்றால் நான்காம் ஆண்டில் யார் பணம் தருவார் என்பதை முதல் வாரமே கேட்டாக வேண்டும். பாடம் நடத்தும் உதவியாளர் பணியா, வேறு திட்டமா, ஒன்றுமே இல்லையா?

இரண்டாவது, நீங்களே போட்டியிட்டு வென்ற உதவித்தொகையோடு சேர்வது. கேள்வி உங்களுடையது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்த உதவித்தொகை பல இடங்களில் உங்கள் வயிற்றுக்கு மட்டுமே. விலங்கின் கழுத்தில் மாட்டும் ஒரு ரேடியோ காலருக்கும், மரபணுப் பகுப்பாய்வுக்கும், ஓட்டுநருக்கும் பணம் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். புதிய களத்தில் புதிய கேள்வியோடு தொடங்குபவரின் முதலாண்டு அனுமதிக்கும் சிறு நிதிகளுக்கும் விண்ணப்பம் எழுதுவதிலேயே போய்விடும். அந்த ஓராண்டு வீண் அல்ல. அதுவும் பயிற்சிதான். ஆனால் மூன்றாண்டில் முடித்தாக வேண்டிய நாட்டில் இந்த வாசலைத் தேர்ந்தெடுப்பவர் மெதுவாக இனப்பெருக்கம் செய்யும் விலங்கை எடுக்கக் கூடாது. யானையின் இனப்பெருக்க வீதத்தை மூன்று ஆண்டில் புதிதாக ஒருவர் அளக்க முடியாது. பெரும்பாலான தாய்களிடம் அந்தக் காலத்தில் ஒரு பிறப்பைத்தான் பார்ப்பார். இரண்டு பிறப்புகளுக்கு இடையிலான காலம் கையில் வராது.

மூன்றாவது, நீண்டகால ஆய்வு ஒன்றில் ஓர் இழையாகச் சேர்வது. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகப் பேச விரும்புகிறேன். மாணவர்கள் இதைத்தான் அதிகம் ஒதுக்குகிறார்கள். "எல்லாம் ஏற்கெனவே கண்டுபிடித்தாகிவிட்டது, நான் எதற்கு?" என்று.

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்ற தீவு. ஓநாய்க்கும் மூஸ் எனும் பெரிய மானுக்கும் உள்ள உறவை அங்கே 1958இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் ஆராயத் தொடங்கினார். அவருடைய மாணவர் டேவிட் மீச் 1962இல் அந்த ஓநாய்கள் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். 1970இல் மாணவராக வந்த ரால்ஃப் பீட்டர்சன் பின்பு அந்த ஆய்வையே பொறுப்பேற்றுப் பல பத்தாண்டுகள் நடத்தினார். 1980இல் 50 ஆக இருந்த ஓநாய்கள் 1982இல் 14 ஆகச் சரிந்தன. நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் தீவுக்குள் நுழைந்திருந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். 1982இல் புதிதாக ஒருவர் தீவுக்கு வந்து மூன்றாண்டு எண்ணியிருந்தால் "இங்கே ஓநாய்கள் குறைவு" என்று எழுதியிருப்பார். அதற்கு முன்பு இருபது ஆண்டுகள் எண்ணி வைத்த மாணவர்கள் இருந்ததால்தான் அது சரிவு என்றே தெரிந்தது.

கலாபகசுத் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரில் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973 முதல் தரைக்குருவிகளை ஒவ்வொன்றாக அளந்து வளையமிட்டு வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்து பெரிய கடின விதைகளே மிஞ்சின. குருவிகள் பெருமளவில் மடிந்தன. பெரிய அலகு உள்ளவை கூடுதலாகத் தப்பின. இயற்கைத் தேர்வு நடப்பதைக் கண்ணெதிரே அளந்துகாட்டிய அந்த ஆய்வை 1981இல் பீட்டர் கிராண்டோடு சேர்ந்து வெளியிட்டவர் அவருடைய முனைவர் பட்ட மாணவர் பீட்டர் போக். வறட்சி அவர் திட்டமிட்டது அல்ல. வறட்சிக்கு முன்பே பறவைகளின் அலகுகள் அளக்கப்பட்டு ஏட்டில் இருந்தன. அதுதான் அவருக்குக் கிடைத்த சொத்து.

ஆக்ஸ்ஃபோர்டின் வைத்தம் காட்டில் பட்டாணிக் குருவிகளின் கூட்டுப்பெட்டிகளை 1947 முதல் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் திறந்து பார்த்து வருகிறார்கள். அந்தப் பெட்டிகளைத் திரும்பத் திரும்பத் திறப்பதில் புதுமை எதுவும் இல்லை. ஆனால் வசந்தம் முந்தி வருவதால் குருவிகள் முட்டையிடும் நாளும் முந்தியிருக்கிறதா என்ற கேள்வியை அங்கே ஒரு மாணவர் தம் முதல் ஆண்டிலேயே கேட்க முடியும். வேறெங்கும் அதற்கு ஓர் ஆயுள் வேண்டும்.

இந்த வாசலின் விலையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. அன்றாட எண்ணிக்கைப் பணி உங்கள் ஆய்வுக்கு உதவினாலும் உதவாவிட்டாலும் உங்கள் தலையில்தான். கேள்விகளுக்குள் எல்லைச் சண்டை வரும். உங்களுக்கு முன் வந்தவர் "அது என்னுடைய அத்தியாயம்" என்பார். தரவைக் கட்டுரையாக்கப் பலரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆகவே என் பரிந்துரை இது. நீண்டகால ஆய்வு ஒன்று கிடைத்தால், ஆய்வேட்டின் பாதியைப் பழைய தரவின் மேல் வையுங்கள். மறுபாதிக்கு நீங்களே வடிவமைத்த ஒரு சிறு பரிசோதனையோ புதிய அளவீடோ கட்டாயம் இருக்கட்டும். கூட்டுப்பெட்டி ஆய்வு என்றால் சில பெட்டிகளில் உணவைக் கூட்டிப் பார்ப்பது போல. களப் பகுதி சொதப்பினாலும் பழைய தரவு உங்களைத் தாங்கும். அது பலித்தால், "இதை நான் கேட்டேன், நானே விடை தேடினேன்" என்று சொல்ல உங்களிடம் ஒன்று இருக்கும். மூன்று வாசல்களில் எனக்குப் பிடித்தது இந்தக் கலப்புதான்.

இரண்டாம் வாசலை யாருக்குச் சொல்வேன்? ஏற்கெனவே ஒரு களத்தை ஓரிரு ஆண்டு நடந்து அறிந்தவருக்கு. அங்குள்ள மக்களையும் வனத்துறையினரையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியவருக்கு. கேள்வி அந்தக் களத்திலிருந்தே முளைத்தவருக்கு. மற்றவர்களுக்கு முதல் வாசலோ மூன்றாம் வாசலோ பாதுகாப்பானது.

வழிகாட்டியை ஒப்பிடுவது

பணி நிலையில் புதிதாகச் சேர்ந்த இளம் பேராசிரியரா, பெயர் பெற்ற மூத்தவரா? இளையவர் உங்களோடு களத்துக்கு வருவார், எழுதியதை ஒரே வாரத்தில் திருத்தித் தருவார். அவருடைய பதவி நிரந்தரமாவதும் உங்கள் கட்டுரைகளைப் பொறுத்தது என்பதால் உங்கள் வேகம் அவருக்கும் தேவை. மூத்தவரிடம் பெயரும் தொடர்புகளும் பரிந்துரைக் கடிதத்தின் எடையும் உண்டு. ஆனால் உங்களை உண்மையில் வளர்ப்பது அந்த ஆய்வகத்தின் போஸ்ட்டாக்காக இருக்கலாம். அப்படியானால் அந்த போஸ்ட்டாக் இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று கேளுங்கள். இதில் பொது விதி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆளைப் பொறுத்தது.

ஆளை அறியும் வழி ஒன்று உண்டு. இப்போது இருப்பவர்களிடம் பேசுவதோடு, விட்டுப்போனவர்களிடமும் பேசுங்கள். ஆய்வகத்தின் பழைய உறுப்பினர் பட்டியலில் பட்டம் முடிக்காமல் மறைந்த பெயர்கள் உள்ளனவா? அவர்களில் ஒருவரைக் கண்டுபிடித்துப் பதினைந்து நிமிடம் பேசினால், ஓராண்டு தேடியும் கிடைக்காதது கிடைக்கும். குறிப்பாகக் களத்தில் பாதுகாப்பைப் பற்றிக் கேளுங்கள். கேத்ரின் கிளான்சியும் மற்றவர்களும் களப்பணி அறிவியலாளர்கள் 666 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில் 64 விழுக்காட்டினர் களத்தில் பாலியல் சீண்டலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல் பாலியல் தாக்குதலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள், பயிற்சி நிலையில் இருந்தவர்கள். காட்டுக்குள் தொலைபேசி இல்லை, வேறு வண்டி இல்லை, வேறு மனிதர் இல்லை. "களத்தில் ஏதாவது நடந்தால் வழிகாட்டியைத் தவிர யாரிடம் சொல்வது?" என்று நேர்காணலிலேயே கேளுங்கள். பெண்கள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது. பதில் தயாராக இல்லாத ஆய்வகம், விலங்கு எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், வேண்டாம்.

போஸ்ட்டாக்: அடுத்தவர் திட்டமா, சொந்த ஃபெல்லோஷிப்பா

பட்டம் வாங்கியாயிற்று. இப்போது இரண்டு வழி. ஒரு பேராசிரியரின் நிதியில் அவருடைய திட்டத்துக்குப் பணியாளராகச் சேரலாம். அல்லது நீங்களே ஒரு திட்டம் எழுதி, ஃபெல்லோஷிப் எனப்படும் தனி ஆய்வு நிதியை வென்று அந்த ஆய்வகத்துக்குப் போகலாம்.

முதல் வழியின் சிறப்பு வேகம். விளம்பரம் வந்து மூன்று நான்கு மாதத்தில் வேலையில் இருக்கலாம். சம்பளம் உறுதி. தரவு பெரும்பாலும் தயார். இரண்டாம் வழியில் திட்டம் எழுதுவதிலிருந்து முடிவு வரும்வரை ஓராண்டைக் கணக்கில் வைக்க வேண்டும். வெல்லாமலும் போகலாம். அந்த ஓராண்டுக்கு உங்களிடம் வேறு வருமானம் இருக்கிறதா? ஐரோப்பாவின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி ஃபெல்லோஷிப் போன்றவற்றில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டில், விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. அதாவது முனைவர் பட்டம் வாங்கிய அதே ஊரில் இருந்துகொண்டு அதே நாட்டுக்கு இதை எழுத முடியாது. குடும்பம் உள்ளவர்கள் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

ஈராண்டு போஸ்ட்டாக்கை மாதமாக எண்ணிப் பாருங்கள். 24 மாதம். இடம்பெயர்ந்து குடியேற ஒன்றிரண்டு மாதம். புதிய களத்துக்கு அனுமதி வாங்கச் சில மாதம். கடைசி ஆறு மாதம் அடுத்த வேலைக்கு விண்ணப்பம். இடையில் பழைய ஆய்வேட்டின் மிச்சக் கட்டுரைகள். உண்மையில் கையில் இருப்பது ஓராண்டு. அந்த ஓராண்டில் புதிதாகக் களத்தை உருவாக்குவேன் என்பவரைப் பார்த்தால் எனக்குக் கவலை வரும். போஸ்ட்டாக் என்பது விதைக்கும் காலத்தைவிட அறுக்கும் காலம். ஆய்வகத்தின் அலமாரியில் யாரும் தொடாமல் கிடக்கும் பத்தாண்டுத் தரவுக்குத்தான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள்.

ஆகவே இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்க நான் பார்ப்பது இது. முனைவர் பட்டத்தில் வழிகாட்டியின் கேள்வியையே செய்தவர், அதாவது முதல் வாசலில் வந்தவர், சொந்த ஃபெல்லோஷிப்புக்கு முயல வேண்டும். "இவருக்கு என்று ஒரு சிந்தனை உண்டா?" என்று அடுத்த வேலைக்கான குழு கேட்கும்போது காட்ட அவரிடம் வேறு எதுவும் இராது. சொந்தக் கேள்வியைச் செய்தவர், இரண்டாம் வாசலில் தனியே போராடி வந்தவர், நல்ல பேராசிரியரின் திட்டத்தில் சேரலாம். அவருக்கு இப்போது தேவை, ஒரு பெரிய குழு எப்படி இயங்குகிறது என்ற அறிவும் அவரிடம் இல்லாத ஒரு முறையும்.

முறை என்றேன். போஸ்ட்டாக்குக்குப் போகும்போது விலங்கை மாற்றுவதா, முறையை மாற்றுவதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். முறையை மாற்றுங்கள். புலியின் வரிகளைக் கேமராவில் பதிந்து ஒவ்வொரு புலியையும் தனியே அடையாளம் கண்டு, முன்பு பதிவானவற்றில் எத்தனை மீண்டும் பதிவாகின்றன என்று பார்க்கும் பிடித்து-மறுபிடிப்பு என்ற புள்ளியியல் முறையால் எண்ணிக்கையைக் கணிக்கும் வழியைத் தொண்ணூறுகளில் நிலைநாட்டியவர்கள் களத்தை அறிந்த உல்லாஸ் கரந்த்தும் எண்ணிக்கை மாதிரிகளில் தேர்ந்த ஜேம்ஸ் நிக்கல்ஸும். இருவரும் மற்றவரின் மொழியைக் கற்றுக்கொண்டதால் அது நடந்தது. களத்திலேயே வளர்ந்தவர் போஸ்ட்டாக்கில் புள்ளியியல் ஆய்வகத்துக்குப் போகட்டும். கணினியிலேயே பட்டம் வாங்கியவர் எச்சத்திலிருந்து டிஎன்ஏ பிரிக்கும் இடத்துக்கோ, கழுத்துப்பட்டை மாட்டும் குழுவுக்கோ போகட்டும்.

விலங்கை மாற்றியும் சிறந்தவர்கள் இருக்கிறார்கள். கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் எழுபதுகளில் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் மேலாய்வு செய்துவிட்டுத் திரும்பி யானை ஆய்வுக்குப் போனார். அவர் கூட எடுத்துச் சென்றது செந்நாயை அல்ல. காட்டில் நடந்து தடயங்களைப் படிக்கும் திறமையை.

கையெழுத்துக்கு முன் ஒரு பக்கம்

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை எழுத்தில் கேளுங்கள். இதை நான் கேட்கத் தவறியவன். இளம் வயதில் ஓர் ஆய்வகத்தில் பதினான்கு மாதம் திட்ட உதவியாளராக இருந்தேன். தினமும் பாதைகளில் நடந்து குறித்த ஏடுகள் பதினொன்று. விலகிய பின் அந்தத் தரவு வேறொருவரின் ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயமாக வந்தது. நன்றியுரையில் என் பெயர், அதுவும் முன்னெழுத்துத் தவறாக. யாரும் விதியை மீறவில்லை. விதி என்று எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது வெகுகாலம் என்னை உறுத்தியது.

அந்த ஒரு பக்கத்தில் இவை இருக்கட்டும். நான் திரட்டும் தரவை வைத்து யார், எப்போது, எதை எழுதலாம்? விலகிய பின் எத்தனை ஆண்டு எனக்கு முன்னுரிமை? ஆசிரியர் பட்டியலில் இடம் எதை வைத்துத் தீர்மானிக்கப்படும்? இப்போது பல ஆய்விதழ்கள் பங்களிப்பை 14 வகையாகப் பிரித்து யார் எதைச் செய்தார் என்று எழுதச் சொல்கின்றன. அந்தப் பட்டியலையே எடுத்துவைத்துப் பேசலாம். தரவு திரட்டலும் அதில் ஒரு வகைக்குள் அடங்கும். போஸ்ட்டாக் என்றால் இன்னொரு வரி. இந்த ஆய்வகத்தில் தொடங்கும் எந்தக் கேள்வியை நான் என்னோடு எடுத்துப் போகலாம், எது இங்கேயே நிற்கும்? நல்ல வழிகாட்டிகள் இதைக் கேட்டால் கோபப்படுவதில்லை. "நானே யோசிக்கவில்லை, உட்கார்ந்து எழுதுவோம்" என்பார்கள். சேர்ந்த முதல் வாரத்தில், களத்துக்குக் கிளம்பும் முன்பு, கேளுங்கள். முதல் ஏடு நிரம்பிய பிறகு கேட்பது இருவருக்குமே கடினம்.